பேரம் பேசியவரும் பணிவாகப் பேசியவரும்: திருப்பூரில் ஒரே வாரத்தில் வந்த இரண்டு என்கொயரிகள்

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன், நைட்டி, குழந்தைகள் உடை தைத்து விற்கும் கம்பெனிகளுக்கு ஆனியிலிருந்து ஆவணி வரை பெட்டி, டேக், லேபிள், கேட்லாக் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கும். தீபாவளிச் சரக்கு அதற்கு வெகு முன்பே வெளியூர் டீலர்களிடம் போய்ச் சேர வேண்டும். பெட்டி அதற்கு முன் அச்சாகி வரவேண்டும், டிசைன் அதற்கும் முன் முடிந்திருக்க வேண்டும். அச்சுக்குச் சிவகாசியை நம்புகிறவர்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிட்டு அங்குள்ள அச்சகங்கள் அடுத்த வருஷக் காலண்டர் வேலையில் இறங்கிவிடும். ஆகவே இந்த மாதங்களில் தனியாக வேலை செய்யும் டிசைனருக்கு வருகிற ஃபோன்கள் பெரும்பாலும் 'நாளைக்கே வேணும்' என்றுதான் தொடங்கும்.

இந்த ஆய்வு 2025இல் அப்படி ஒரே வாரத்தில் வந்த இரண்டு என்கொயரிகளைப் பற்றியது. டிசைனர் அவிநாசியில் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு பெண். முன்பு ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருந்தவர். நானும் இதே தொழிலில் இருப்பதால் பேச்சு நடக்க நடக்க என்னோடு கலந்துகொண்டார், வாட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் காட்டினார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். வாடிக்கையாளர்கள் யாரென்று தெரியவைக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

கஷ்டமான பார்ட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நம் ஆட்கள் கூடிப் பேசினால் முதலில் வரும் பதில், 'ரேட்டைக் குறைக்கச் சொல்பவர்'. கொங்கு நாட்டில் அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தொழில் செய்ய முடியாது. நூல் வாங்குவதும், டையிங் ரேட் முடிப்பதும், தையலுக்குப் பீஸ் ரேட் பேசுவதும் இங்கே பேரத்தில்தான் நடக்கின்றன. ரேட்டைப் பேசுகிறவர் வேலையைக் கொடுக்கத் தயாராகிவிட்டவர் என்பதே என் கருத்து. தொல்லை வரும் இடம் வேறு. என்ன வேலை, யார் முடிவு சொல்வது, பணம் எப்போது என்ற மூன்றையும் பேசவிடாமல் பேச்சு நழுவிக்கொண்டே போகிறதே, அந்த இடம். அங்கே நிற்பவர் பெரும்பாலும் ரொம்பப் பணிவாகத்தான் பேசுவார். இந்த இரண்டு என்கொயரிகளிலும் அது தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு ஃபோன்கள்

முதல் என்கொயரி சொந்தக்காரர் வழியாக வந்தது. பெருமாநல்லூர் சாலைப் பக்கம் அண்ணன், தம்பி இருவரும் பார்ட்னர்களாக நடத்தும் கம்பெனி. அதுவரை அமெரிக்க ஆர்டர் எடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் குழந்தைகள் உடையை ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுத்தவர்கள். பேசியவர் தம்பி.

"ஏனுங்க அம்மணி, உங்களைப் பத்தி நம்ம மாப்பிள்ளை ரொம்ப நல்லாச் சொன்னாருங்க. சொந்தமா ஒரு பிராண்டு கொண்டு வரலாம்னு இருக்கறமுங்க. பெட்டி, டேக்கு, கேட்லாக்கு எல்லாமே நீங்கதான் பண்ணித் தரணும். காசைப் பத்திக் கவலையே படாதீங்க. இப்போதைக்கு ஒரு சாம்பிள் மட்டும் போட்டுக் காட்டுங்க, பாத்துட்டு மேக்கொண்டு பேசிக்கலாமுங்க."

இரண்டாவது ஃபோன் காங்கேயம் சாலையில் நைட்டி தைக்கும் ஒருவரிடமிருந்து. வணக்கம்கூட இல்லை. "பெட்டி டிசைனு போடறவங்கதானுங்களே? மூணு பெட்டி, ஒரு டேக்கு, மாஸ்டர் கார்ட்டனுக்கு மார்க்கிங். என்ன ஆகும்?" மாஸ்டர் கார்ட்டன் என்பது சின்னப் பெட்டிகளை அடுக்கி அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி. டிசைனர் யோசித்து 45,000 என்றார். "நாப்பத்தஞ்சா? காதர்பேட்டைல பெட்டி ரெண்டாயிரத்துக்குப் போட்டுத் தர்றாங்க அம்மணி. இருபத்தஞ்சுன்னா சொல்லுங்க."

அன்று மாலை டிசைனர் என்னிடம் பேசும்போது முதல் ஆளைப் பற்றிச் சந்தோஷமாகச் சொன்னார். நைட்டிக்காரரைப் பற்றி, "ரொம்பக் கறாராப் பேசறாருங்க, விட்டுறலாம்னு இருக்கேன்" என்றார். எனக்கு எதிர்மாறாகப் பட்டது. நைட்டிக்காரர் ஒரே மூச்சில் எத்தனை பெட்டி, என்னென்ன வேலை, எவ்வளவு தருவேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன தொகை குறைவு, அவ்வளவுதான். தம்பி அத்தனை இனிமையாகப் பேசியதில் ஒரு எண்கூட இல்லை.

சாம்பிள் கேட்பது ஏன்

திருப்பூரில் தொழில் பழகியவர் யாரும் சாம்பிள் கேட்காமல் இருக்க மாட்டார். அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டால் பேச்சு ஆரம்பத்திலேயே முறிந்துவிடும். வெளிநாட்டு பையரிடமிருந்து டெக் பேக் (உடையின் அளவு, துணி, தையல் விவரம் எல்லாம் உள்ள தாள்) வந்தால் ஆர்டர் உறுதியாகும் முன்பே டெவலப்மென்ட் சாம்பிள், ஃபிட் சாம்பிள் தைத்துக் கூரியரில் அனுப்ப வேண்டும். ஆர்டர் வந்த பிறகும் சைஸ் செட், பிபி சாம்பிள் (தயாரிப்பு தொடங்கும் முன் தைத்துக் காட்டுவது) என்று அந்த வரிசை நீளும். இதற்கென்றே பேட்டர்ன் மாஸ்டரும் சாம்பிள் டெய்லரும் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். ஆர்டராக மாறாத சாம்பிள்கள் கம்பெனிகளில் ரேக் ரேக்காகத் தொங்குகின்றன. அந்தத் தம்பி தன் பையர் தன்னிடம் கேட்பதைத்தான் இவரிடம் கேட்டார்.

ஆனால் இரண்டு தொழிலுக்கும் கணக்கு வேறு. ஒரு டிஷர்ட் ஆர்டரில் நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று செலவு முழுவதும் சாம்பிளுக்குப் பிறகுதான் வருகிறது. ஐயாயிரம் பீஸ் ஓடினால் சாம்பிளுக்கு ஆனது அதில் கரைந்துவிடும். பெட்டி டிசைனில் முதல் பெட்டியின் முகப்பை யோசித்து முடித்தாலே வேலையில் பெரும்பகுதி முடிந்தது. எழுத்து, கலர், பிராண்டு பெயர் நிற்கும் இடம், படம் எல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடும். மீதி வேலை அதையே சைஸ்வாரியாக மாற்றுவதுதான். சாம்பிளைச் சும்மா கொடுப்பவர் சரக்கையே கொடுத்துவிடுகிறார். ஃபோனில் ஒரு படமாகப் போய்விட்டால் அதைப் பார்த்து வரைய வேறு ஒருவருக்கு ஒரு பொழுது போதும்.

இதை டிசைனர், தம்பியிடம் அவருடைய தொழிலை வைத்தே சொன்னார். "உங்க தொழில்ல சாம்பிள் போட்டப்புறம்தான் செலவுங்கண்ணா. என் தொழில்ல சாம்பிள்லயே செலவு முடிஞ்சுருது." அவருக்கு உடனே புரிந்தது. "அதுஞ் சரிதானுங்" என்றார். 'இலவசமா வேலை செய்யறதில்லை' என்று ஒரு வரியில் சொல்லியிருந்தால் மனக்கசப்புதான் மிஞ்சியிருக்கும். அவருக்குப் பழகிய கணக்கிலேயே சொன்னதால் கோபப்பட இடம் இல்லாமல் போனது.

சாம்பிளுக்குப் பதிலாக டிசைனர் இரண்டு வழி வைத்தார். ஒன்று, ஏற்கெனவே அச்சாகி வந்த தன் பெட்டிகளைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவது. அட்டையின் கனம், லேமினேஷன், மடிப்பில் கலர் வெடிக்காமல் இருப்பது எல்லாம் கையில் எடுத்தால்தான் தெரியும், ஃபோன் திரையில் தெரியாது. இன்னொன்று, 5,000 ரூபாய்க்கு ஒரே ஒரு பெட்டி முகப்பு. வேலை தொடர்ந்தால் அந்தத் தொகை மொத்தத்தில் கழியும். தொடராவிட்டால் 5,000 இவருக்கு, டிசைனும் இவருக்கே.

தம்பி பெட்டிகளைப் பார்த்துப் பாராட்டினார். 5,000க்கும் சரி என்றார். அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை.

எழுதி அனுப்பிய கேள்விகள்

பேசி முடித்த மறுநாள் டிசைனர் அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன். இந்த விஷயத்தில் அவர் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

"ங்கண்ணா, வணக்கம். நேத்துப் பேசினதை எழுதி வெச்சுக்கலாமுங்க. எந்தெந்த ஸ்டைலு, எத்தனை சைஸுன்னு சொல்லுங்க. பெட்டிக்காரர் யாருன்னு முடிவாயிருந்தா அவர்கிட்டயே டைலைன் வாங்கிக்கறேன். டிசைனை ஓகே பண்றது நீங்களா, பெரியண்ணனா? ஒருத்தர் பேரைச் சொன்னாப் போதுமுங்க, அவர் சொல்றதை வெச்சு மாத்திக்கறேன். பெட்டி கைக்கு வர வேண்டிய தேதி என்னங்க? அட்வான்ஸ் 5,000 வந்த அடுத்த நாள் ஆரம்பிச்சர்றேன்."

டைலைன் என்பது பெட்டி எங்கே வெட்டி எங்கே மடியும் என்று காட்டும் கோட்டுப் படம். அது பெட்டி செய்பவரிடமிருந்துதான் வரும், ஒருவர் பெட்டிக்கும் இன்னொருவர் பெட்டிக்கும் மில்லிமீட்டர் கணக்கில் மாறும். பெட்டிக்காரரையே முடிவு செய்யாதவர் அச்சுக்குப் போவதாக இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி நிலவரம் தெரிந்துவிடும்.

இந்தச் செய்திக்கு எழுத்தில் பதிலே வரவில்லை. ஃபோன்தான் வந்தது. ஒருநாள் மூன்று ஸ்டைல் என்றார், இன்னொரு நாள் பன்னிரண்டு என்றார், அப்புறம் "இப்போதைக்கு டேக்கு மட்டும் போட்டுட்டாப் போதுமுங்க" என்றார். யார் ஓகே சொல்வது என்று கேட்டால், "எல்லாரும் பாத்துச் சொல்றமுங்க." அட்வான்ஸ் வெள்ளிக்கிழமை என்று சொல்லி, வளர்பிறைக்கு மாறி, அதுவும் தாண்டியது. இத்தனைக்கும் நடுவில் அவசரமும் குறையவில்லை. எப்போது பேசினாலும் நாளைக் காலையில் வேண்டும்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்டக் கொடுத்தமுங்க, ஒருத்தனுஞ் சரியில்ல" என்றும் சொன்னார். டிசைனர் அந்த டிசைன்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டும் நல்ல வேலை. எது பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "என்னமோ ஒண்ணு கொறையுதுங்க" என்பதுதான் பதில். முந்தைய ஆளைக் குறை சொல்லும் பார்ட்டி எல்லோருமே ஆகாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், உண்மையிலேயே மோசமான வேலை வாங்கி அவதிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்டவர் குறையைப் பெயர் சொல்லிச் சொல்வார்: கலர் மங்கிவிட்டது, ஸ்பெல்லிங் தப்பு, தேதிக்குத் தரவில்லை என்று. குறை என்னவென்றே சொல்ல முடியாதவர் மூன்றாவது ஆளையும் அதே இடத்தில்தான் நிறுத்துவார்.

உள்ளே என்ன நடந்தது

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த வருஷம் ஏப்ரல் 2ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு 26 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்து, ஜூலை 9 வரை நிறுத்தி வைத்திருந்தது. ஜூலை முழுவதும் திருப்பூரில் யாருக்கும் நிலவரம் புரியவில்லை. ஆர்டர் எடுத்த பெரிய கம்பெனிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, அவர்களிடம் ஜாப் ஒர்க் எடுத்தவர்களும் நின்றார்கள். ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம் அமலுக்கு வந்தது, ஆகஸ்ட் 27இல் மேலும் 25 சேர்ந்து 50 ஆனது.

இந்தச் சகோதரர்களில் தம்பிக்கு உள்நாட்டுச் சந்தைக்கு மாறிவிட வேண்டும் என்று இருந்தது. அண்ணன் ஏற்றுமதி வேலை திரும்பும் என்று காத்திருந்தார். இருவரும் உட்கார்ந்து பேசி முடிக்கவில்லை. அண்ணனிடம் காட்ட ஏதாவது ஒன்று கையில் வேண்டும் என்றுதான் தம்பி சாம்பிள் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஸ்டைலும், பிறகு டேக் மட்டும் என்று சுருங்கியதும், அந்தந்த வாரத்துச் செய்தியைப் பொறுத்து வீட்டுக்குள் நடந்த பேச்சின் எதிரொலி. காசு அண்ணன் கையில் இருந்தது. தம்பியால் ஐயாயிரம் ரூபாயைக்கூட அவரைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அதை ஒரு வெளியாளிடம் எப்படிச் சொல்வார்?

எனக்கு அவர் மேல் வருத்தம்தான் வருகிறது. ஆனாலும் அவர்கள் வீட்டில் முடியாத பஞ்சாயத்துக்கு டிசைனர் தன் உழைப்பை இலவசமாகக் கொடுத்திருந்தால், அந்தப் பெட்டி அண்ணனின் ஒரு தலையசைப்பில் குப்பைக்குப் போயிருக்கும்.

வேண்டாம் என்று சொன்ன விதம்

இதற்குள் வேறு வழியிலும் அழுத்தம் வந்தது. அறிமுகம் செய்த சொந்தக்காரர் கூப்பிட்டார். "ஏஞ்சாமி, ஒரு சாம்பிள்தானே, போட்டுக் குடுத்துட்டுப் போயேன். நாளைக்கு மூஞ்சில முழிக்க வேண்டாமா?" தம்பியும் ஒருநாள், "ரேட்டு விஷயம் உங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசிக்கட்டுங்களா?" என்று கேட்டார். பெண்கள் தனியாகத் தொழில் செய்யும்போது இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. அவர் பதில் சுருக்கமாக இருந்தது: "வேலை நான்தானுங்கண்ணா செய்யறேன், ரேட்டும் எங்கிட்டயே பேசுங்க." குரலை உயர்த்தவில்லை, 'ங்கண்ணா'வையும் விடவில்லை. அம்மணி, அண்ணா என்று பேசுவதாலேயே காசுப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டும் என்று இல்லை. நம் ஊரில் அண்ணன் தம்பிகளே பாகம் பிரிக்கும்போது அங்குலம் அங்குலமாகப் பேசுகிறார்கள்.

ஆடி நடுவில் அவர் இந்தச் செய்தியை அனுப்பினார்.

"ங்கண்ணா, எந்த ஸ்டைலுன்னு நீங்களும் பெரியண்ணனும் முடிவு பண்றதுக்கு முன்னாடி நான் போட்டா ரெண்டு பக்கமும் வேலை வீணாப் போயிருமுங்க. முடிவானதும் ஒரு ஃபோன் பண்ணுங்க. அப்ப கையில இருக்கற வேலையைப் பாத்துத் தேதி சொல்றேன். உங்களுக்குன்னு இப்ப நாள் ஒதுக்கி வெக்கலைங்க."

'கொஞ்சம் பிஸியா இருக்கேன்' என்று சொல்லித் தப்பிப்பது சுலபம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பிஸி என்றால் 'எப்ப ஃப்ரீ ஆவீங்க' என்று அடுத்த வாரமும் ஃபோன் வரும். அதோடு, இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். கல்யாண மண்டபத்திலோ கோயில் நோம்பியிலோ பார்த்துக்கொள்ளத்தான் போகிறோம். சொன்ன பொய் அங்கே வந்து நிற்கும். இந்தச் செய்தியில் காரணம் உண்மை, யாரையும் குறை சொல்லவில்லை, திரும்பி வரும் வழி திறந்திருக்கிறது, ஆனால் நாள் எதுவும் பிடித்து வைக்கவில்லை. சொந்தக்காரருக்கும் அவர் அதையே படித்துக் காட்டினார். அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நைட்டிக்காரர்

இந்தப் பக்கம் வேலை வேகமாக நடந்தது. 45,000க்கும் 25,000க்கும் நடுவில் பேரம் எப்படிப் போனது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. டிசைனர் ரேட்டை ஒரேயடியாக இறக்கவில்லை, முதலில் வேலையைக் குறைத்தார். "ரேட்டு அப்படியே இருக்கட்டுமுங்கண்ணா, வேலையைக் கொஞ்சம் சுருக்கிக்கலாம். மாஸ்டர் கார்ட்டன் மார்க்கிங்கை உங்க பெட்டிக்காரரே போட்டுருவாரு. மூணு பெட்டிக்கு மூணு டிசைன் எதுக்குங்க? ஒரே டிசைனைப் போட்டு சைஸுக்கு ஒரு கலர் குடுத்தர்லாம், கடைக்காரருக்கும் எடுக்கச் சுலபம்." அப்படி 32,000க்கு வந்தது. "முப்பதுன்னு முடிச்சுக்கங்க அம்மணி" என்றார் அவர். "பாதி இன்னைக்கே போட்டீங்கன்னா முப்பதுக்கு முடிச்சுக்கலாமுங்க." அன்று மாலையே ஜிபேயில் 15,000 வந்தது.

அந்த 2,000 ரூபாயை விட்டது நியாயமா என்று கேட்டால், எனக்கு அதில் உறுத்தல் இல்லை. நைட்டிக்காரர் கேட்டதற்காக டிசைனர் விடவில்லை, அன்றைக்கே அட்வான்ஸ் என்ற ஒன்றைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டு விட்டார். வேலையையும் குறைக்காமல், பதிலுக்கு எதுவும் வாங்காமல் ரேட்டை இறக்கினால்தான், முதலில் சொன்ன ரேட் பொய் என்று எதிராளி எடுத்துக்கொள்வார்.

பில் பேச்சு வந்தபோது நைட்டிக்காரர், "பில்லு போட்டா பதினெட்டு சதவீதம் சேருமே, பில் இல்லாமப் பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்கும் பாதிப்பேருக்கு மேல் தவறான எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. அவர் தரும் பில்லில் வரி என்ற வரியே இருக்காது. இதைச் சொன்னதும் "அப்படியா, அப்பப் பில்லே குடுங்க" என்றார். பில் கொடுக்காமல் வேலை செய்தால் நாளைக்கு மீதிப் பணத்தைக் கேட்கக் கையில் ஒன்றும் இருக்காது.

நைட்டிக்காரருடைய அக்கவுண்டன்ட்தான் உத்யம் பதிவு எண் (குறு, சிறு தொழில் என்று மத்திய அரசிடம் பதிவு செய்ததற்கான எண்) இருக்கிறதா என்று கேட்டார். இது முக்கியமான இடம். 2006ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்பவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்தான் இருந்தார்கள். அப்போதிருந்த 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் புதிதாகச் சேர்ந்த விதி 2023-24 நிதியாண்டிலிருந்து அமலுக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. கெடுவுக்குள் தராத தொகையை, அதைத் தரும் வருஷம் வரை செலவாகக் காட்ட முடியாது. 2024 மார்ச்சில் ஜவுளிச் சந்தை முழுவதும் இதே பேச்சாக இருந்தது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆதார் எண்ணை வைத்து இணையத்திலேயே எடுத்துவிடலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே அது கையில் இருக்க வேண்டும், பணம் நின்ற பிறகு ஓடிப்போய் எடுப்பதில் பலமில்லை. தனியாக வேலை செய்பவர்களில் எத்தனையோ பேர் இதை எடுக்காமலே இருக்கிறார்கள், எனக்கு அது பெரிய ஆதங்கம்.

இங்கே மீதிப் பணம் 30 நாள் என்று எழுத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) கடைசிப் பணம் வந்த பிறகே என்றும் சேர்த்தார்கள். நைட்டிக்காரர் முனகினார், ஆனால் தேதிக்கு முன்பே தந்துவிட்டார். திருத்தம் சொன்னதும் அவர் ஒருவர்தான். "அந்தப் பொம்பளப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்க, பிராண்டு பேரு தூரத்துல இருந்தே தெரியணும்." கடுகடுவென்றுதான் சொன்னார். என்ன மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பிறகு கேட்லாக் வேலையும் டிசைனரிடமே வந்தது. அந்த நிதியாண்டில் மொத்தம் 50,000 தாண்டியபோது, தொழில்முறைக் கட்டணம் என்ற கணக்கில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். அது குறைவாகத் தந்தது ஆகாது. பான் எண்ணில் வரவாகி, ரிட்டர்ன் போடும்போது கணக்கில் சேரும்.

செப்டம்பரில் வந்த ஃபோன்

50 சதவீத வரி அமலான பிறகு அண்ணன் முடிவு செய்துவிட்டார்: உள்நாட்டுப் பிராண்டு, தீபாவளிக்கே. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. அதற்குள் தம்பி வேறொரு பையனிடம் இலவச சாம்பிள் வாங்கி, அதையே பெட்டியாகவும் போட வைத்திருந்தார். பெட்டிக்காரர் ப்ரூஃப் பார்க்கும்போது, "எம்ஆர்பி பேனல் எங்கீங்க?" என்று கேட்டு மிஷினை நிறுத்தினார்.

ஏற்றுமதிக்கு ஜாப் ஒர்க் செய்து பழகிய இடத்தில் இது நடக்கக்கூடியதே. அங்கே பார்கோடும் விலைச் சீட்டும் பையர் சொல்வதுபோல வரும். உள்நாட்டில் பெட்டியிலடைத்து விற்கும் சரக்குக்கு 2011ஆம் வருஷத்து பொட்டலப் பொருள் விதிகள் உண்டு. தயாரிப்பாளர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதம், வருஷம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் பெட்டி மேல் இருக்க வேண்டும். விட்டதைப் பிறகு தனி ஸ்டிக்கராக ஒட்டிச் சமாளிக்கவும் அந்த விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஒட்டலாம்.

கூப்பிட்டவர் அண்ணன். "அம்மணி, பெட்டி நின்னு போச்சுங்க. அந்தப் பேனலை மட்டும் போட்டுக் குடுக்க என்ன ஆகும், எப்பக் குடுப்பீங்க?" இரண்டே கேள்வி. டிசைனர் 8,000, முழுசும் முன்னதாக, நாளை மாலைக்குள் என்றார். போட வேண்டிய விவரம் முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். விலையோ முகவரியோ தப்பாக அச்சானால் யார் கொடுத்த விவரம் என்ற கேள்வி பின்னால் வரக்கூடாது. அதோடு இன்னொன்றும் கேட்டார்: "முதல்ல போட்ட பையனுக்குக் காசு குடுத்தாச்சுங்களா?" கொடுக்கவில்லை. "அதை முடிச்சுட்டு, டிசைன் உங்களுக்குன்னு அவர் எழுதிக் குடுத்த சீட்டையும் அனுப்புங்கண்ணா, அப்புறம் நான் ஃபைலைத் தொடறேன்."

அந்த இடத்தில் எனக்கு டிசைனர் மேல் மிகுந்த மரியாதை வந்தது. சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக வேலை செய்யும் ஒருவர் வரைந்தது, எழுத்தில் மாற்றித் தராதவரை பொதுவாக அவருடையதுதான். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்று 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் சொல்கிறது. (ஃபோட்டோ எடுப்பவர்கள் கவனிக்க: காசு பேசி ஒருவர் எடுக்கச் சொன்ன ஃபோட்டோவுக்கு, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். உங்கள் கொட்டேஷனில் ஒரு வரி சேர்க்காவிட்டால் படம் அவருடையது.) ஆனால் அவர் சட்டத்துக்காக மட்டும் கேட்கவில்லை. அந்தப் பையன் இருந்த இடத்தில் ஆடி மாதம் தான் இருந்திருக்கக்கூடும் என்று அவருக்குத் தெரியும்.

அண்ணன் அன்றே இரண்டு பேருக்கும் பணம் போட்டார். கையெழுத்திட்ட தாளும் சீட்டும் வந்தன, பேனல் மறுநாள் மதியமே போனது. அதே கம்பெனி, அதே பெட்டி. முடிவு எடுக்கும் ஆளே பேசியபோது தொல்லை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

எங்களுக்குள் ஒத்துப்போகாத இடம்

அண்ணன்தான் முடிவு செய்பவர் என்று சந்தேகம் வந்த அன்றே அவரைப் பேச்சுக்குள் இழுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. 'பெரியண்ணனும் இருக்கும்போது வர்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மாதத்து ஃபோன்கள் மிச்சம். டிசைனர் ஒப்புக்கொள்வதில்லை. "தம்பி கூப்பிட்டு நான் அண்ணனைக் கேட்டா, அவரை எல்லார் முன்னாடியும் சின்னவராக்கின மாதிரிங்க. அப்புறம் அந்தக் கம்பெனி வாசலையே மிதிக்க முடியாது" என்கிறார். குடும்பத் தொழில்களை அவர் உள்ளே இருந்து பார்த்தவர், அதில் உண்மை இருக்கலாம்.

இப்போது அவர் செய்வது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. புதிய என்கொயரி எதுவானாலும் ரேட் பேச்சை ஃபோனில் வைத்துக்கொள்வதில்லை. பெட்டிகளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே போகிறார், அதுவும் சனிக்கிழமை மத்தியானம். வாரச் சம்பளம் கொடுக்கும் நேரம் அது, காசைக் கையில் வைத்திருப்பவர் அப்போது ஆபீஸில் இருப்பார்.